கேரட்டுக்கு இலையை உருவக் கூடாது

பதினான்கு வருஷமாக மதுரை திருநகரில் ஒரு டியூஷன் சென்டரில் தாவரவியல் நடத்துகிறேன். இலையின் குறுக்குவெட்டுத் தோற்றத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். மேல்தோல், கீழ்த்தோல், நடுவில் பச்சையம் நிறைந்த செல்கள், காற்று போய்வரும் துளை எல்லாம் மூன்றே நிமிஷத்தில் போர்டில் ஏறிவிடும். ஆனால் ஒரு இலை ஒரு கிழங்கை எப்படிப் பருக்க வைக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தது சமீபத்தில்தான். பார்க்க நேர்ந்ததற்குக் காரணம் என் படிப்பு அல்ல, என் வாய்.

திருமங்கலம் தாண்டி, பஸ் இறங்கி ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்தால் எங்கள் நிலம். மொத்தம் நாற்பது சென்ட். அப்பாவும் அம்மாவும் முப்பது வருஷம் அடுத்தவர் காட்டில் மல்லிகைப் பூ எடுத்து வாங்கியது. எங்கள் வம்சத்தில் நிலம் என்று எழுதப்பட்ட முதல் காகிதம் அதுதான். நானும் பூ எடுத்திருக்கிறேன், பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால், பனியில் நனைந்த பாவாடையோடு. அண்ணனும் எடுத்தான். ஆனால் அவனுக்கு வாரத்தில் இரண்டு நாள் வயிறு வலிக்கும். எனக்கு வயிறு வலிக்கலாம் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

அம்மா போய் நான்கு வருஷமாகிறது. அப்பாவும் அண்ணன் குடும்பமும் ஊரில் இருக்கிறார்கள். நான் திருநகரில் ஒரு அறை எடுத்துத் தங்கி, சனிக்கிழமை மாலை ஊருக்குப் போய்த் திங்கள் காலை திரும்புவேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதும் இல்லை. நிலத்தில் முப்பத்திரண்டு சென்ட் மல்லி. கிணற்றை ஒட்டிய எட்டு சென்ட் மட்டும் சும்மா கிடந்தது. மல்லியை அண்ணன்தான் பார்க்கிறான். விடிவதற்குள் பூவைக் கட்டிக்கொண்டு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு ஓடுவதும் அவன்தான். உழைப்பாளி. இதை நான் மறைக்கவில்லை.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவன் பேச்சை எடுத்தான். சொட்டுநீர்க் குழாய் போட அரசு மானியத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டுமாம். பட்டா தன் பேரில் இருந்தால் அலைச்சல் இல்லையாம். "நாப்பது சென்ட்டையும் என் பேருக்கு மாத்திருவோம்ப்பா. எப்படியும் பின்னாடி செய்யப் போறதுதான?" என்றான். சோற்றில் ரசம் ஊற்றச் சொல்வது போலச் சொன்னான். அப்பா தலையாட்டினார்.

"எனக்கு?" என்று கேட்டேன்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். மதினி கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றுவிட்டாள். எனக்கு ரசம் வேண்டுமா என்று கேட்கிறேனோ என்று அவளுக்குச் சந்தேகம்.

"ஒனக்கு எதுக்குத் தாயி நெலம்?" என்றார் அப்பா. கோபமாக இல்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டார். "நீ பாடம் எடுக்குறவ."

"வெவசாயம் பண்ணுவேன்."

"என்னத்தப் போடுவ?" என்று சிரித்தான் அண்ணன்.

அந்த வாரம் வகுப்பில் வேரின் உருமாற்றங்கள் நடத்தியிருந்தேன். போர்டில் ஆரஞ்சுக் கலர் சாக்பீஸால் நான் வரைந்த படம் அப்படியே கண்ணுக்குள் நின்றது. "கேரட்டு" என்று சொல்லிவிட்டேன். வெண்டைக்காய் என்று சொல்லியிருக்கலாம். கத்தரிக்காய் என்றிருக்கலாம். யாரும் சிரித்திருக்க மாட்டார்கள், இதை எழுத வேண்டிய வேலையும் வந்திருக்காது. வாய் முந்திக்கொண்டது, அதன் பிறகு அதை விழுங்க எனக்கு மனம் வரவில்லை.

அண்ணன் சாப்பாட்டுத் தட்டை விட்டு எழுந்துபோய்ச் சிரித்தான். வாசலில் நின்று நண்பனுக்குப் போன் போட்டான். "மாப்ள, எங்க காட்டுக்குக் கொடைக்கானல் வரப் போகுதுடா. ஸ்வெட்டர் எடுத்து வை."

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. கை கழுவிவிட்டு வந்து சொன்னார். "கெணத்தடி எட்டு சென்ட் சும்மாதேன் கெடக்கு. இந்தத் தைக்குள்ள அதுல நீ சொன்னத வெளைய வச்சுக் காட்டு. காட்டிட்டா அந்த எட்டு சென்ட் ஒன் பேருக்கு. இல்லையா, அதுலயும் ஒங்கண்ணன் மல்லிப் பதியன் வச்சுக்கிருவான். அதுக்கப்புறம் நெலத்தப் பத்திப் பேச்சே இருக்கக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம்" என்றேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய முட்டாள்தனங்களில் ஒன்று அந்தச் சம்மதம். அது அப்போது தெரியவில்லை. சவால் என்றால் எனக்கு உடம்பெல்லாம் சூடாகிவிடும், சவாலுக்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க மாட்டேன்.

இதை ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊரில் பாதிப்பேர் தவறாக நம்புகிறார்கள். செடி மண்ணைத் தின்று வளர்வதில்லை. மண்ணிலிருந்து அதற்கு வருவது தண்ணீரும் கொஞ்சம் உப்புச்சத்தும்தான். சாப்பாட்டை அது தானே ஆக்கிக்கொள்கிறது. இலைதான் அடுப்பு, வெயில்தான் விறகு. காற்றில் இருக்கிற கரியமில வாயு இலையின் துளை வழியாக உள்ளே போகிறது. வேரிலிருந்து தண்ணீர் ஏறி வருகிறது. பச்சையம் வெயிலைப் பிடித்து இரண்டையும் சேர்த்துச் சர்க்கரையாக்குகிறது. இலை தன் தேவைக்குப் போக மிச்சத்தைக் காம்பு வழியாகக் கீழே இறக்குகிறது. நாம் கடித்துத் தின்கிற கேரட் என்பது பெரும்பாலும் தண்ணீர். மற்றதில் முக்கால்வாசி காற்றிலிருந்து வந்தது. மண்ணுக்குப் பட்டா உண்டு, வெயிலுக்கும் காற்றுக்கும் கிடையாது. மதுரைச் சமவெளியில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் வெயிலுக்கு வராது.

அப்படியென்றால் கேரட் ஏன் மலையில் விளைகிறது என்று அண்ணன் கேட்டான். நியாயமான கேள்வி. சூடு அதிகமானால், ஆக்கிய சர்க்கரையைச் செடி மூச்சு விட்டே செலவழித்துவிடும், கிழங்கில் சேர ஒன்றும் மிஞ்சாது. அதனால்தான் குளிர்ந்த இடம் தேடுகிறார்கள். ஆனால் நமக்கும் மார்கழி, தை என்று இரண்டு மாதக் குளிர் இருக்கிறதே. சமவெளிக்கென்று விதை ரகமும் இருக்கிறது. இதையெல்லாம் சொன்னபோது அவன் கொட்டாவி விட்டான்.

ஐப்பசி நடுவில் விதைத்தேன். அதற்கு முன்னால் நான்கு வாரம், சனி ஞாயிறு முழுக்க, அந்த எட்டு சென்ட்டில் கல் பொறுக்கினேன். வேர் இறங்கும் வழியில் ஒரு சின்னக் கல் இருந்தாலும் கேரட் இரண்டாகப் பிரிந்து கால் முளைத்துவிடும். செம்மண்ணில் மணலும் மக்கிய சாணமும் கலந்து பன்னிரண்டு மேட்டுப் பாத்திகள் எடுத்தேன். கேரட் விதை சீரகத்தைவிடப் பொடிசு. மணலோடு கலந்துதான் தூவ முடியும். நாற்று விட்டுப் பிடுங்கி நடுகிற கதையெல்லாம் இதில் கிடையாது. விழுந்த இடத்திலேயே வளர வேண்டும்.

நான் ஊரில் இல்லாத நாளில் தண்ணீர் பாய்ச்சுவது யார் என்று கேள்வி வந்தபோது அப்பா தானாகவே முன்வந்தார். "நாந்தேன் சும்மா இருக்கேனே. தண்ணி கட்டுறேன். நீ போய்ப் பாடம் எடு." பரீட்சை வைத்தவரே பேனாவும் எடுத்துக் கொடுக்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து நாளாகியும் ஒன்றும் முளைக்கவில்லை. அண்ணன் தினமும் எனக்குப் போன் போட்டான், வேறெதற்கும் எனக்கு அவன் போன் போட்டதில்லை. "என்னத்தா, கேரட்டு மலையேறிருச்சா?" பன்னிரண்டாம் நாள் அப்பா போன் செய்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, பக்கத்தில் யாரோ ஒட்டுக் கேட்பது போல, "வந்துருச்சு தாயி. பச்சப் பச்சையா, மயிரு கணக்கா வந்துருச்சு" என்றார். அன்றைக்கு வகுப்பில் என்ன நடத்தினேன் என்று எனக்கு நினைவில்லை.

கார்த்திகை மழையில் ஒரு பாத்தியின் ஓரம் கரைந்தது. மண்ணை அணைத்துக் கட்டினேன். நெருக்கமாக முளைத்திருந்ததை விரலிடை விட்டுக் களைந்தேன். நல்ல நாற்றைப் பிடுங்கி எறிவதைப் பார்த்து அப்பா துடித்தார். "உசுரோட இருக்கதப் போயி..." என்றார். அப்போது நான் அவருக்கு விளக்கியிருக்க வேண்டும். விளக்கவும் செய்தேன், எப்படியென்றால், கையில் மண்ணோடு நின்று, "ஒளிச்சேர்க்கைக்கு இடைவெளி வேணும்ப்பா" என்றேன். அவர் தாசில்தார் ஆபீசில் தலையாட்டுவது போலத் தலையாட்டினார். நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குப் படம் போட்டுப் புரிய வைத்தவள், சொந்த அப்பாவுக்கு ஒரு வார்த்தையைத் தூக்கிப் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன். அதற்கான தண்டனை சீக்கிரமே வந்தது.

மார்கழியில் எங்கள் பக்கம் மல்லிக்குக் கவாத்துச் செய்வார்கள். மல்லியைப் பற்றித் தெரியாதவர்களுக்கு அதைப் பார்த்தால் பாவமாக இருக்கும். தண்ணீரை நிறுத்திச் செடியைக் காயப் போடுவார்கள். கிளையை வெட்டி, மிச்சமிருக்கிற இலையை ஒன்றுவிடாமல் கையால் உருவி எடுப்பார்கள். செடி மொட்டைக் குச்சியாக நிற்கும். பிறகு தண்ணீர் விட்டால் புதுத் துளிர் கிளம்பும், துளிரின் நுனியில் மொட்டு வரும். மல்லி புதுக் கொழுந்தில்தான் பூக்கும். பழைய கட்டையிலும் வேரிலும் சேர்த்து வைத்த சாப்பாடு அதற்குக் கைகொடுக்கும். அதனால் மல்லி எடுக்கிற ஒவ்வொருவரும் ஒரு விஷயத்தை உடம்பிலேயே ஏற்றி வைத்திருப்பார்கள். இலை நின்றால் அது சத்தைத் தின்னும், இலையை உருவினால் சத்து வேண்டிய இடத்துக்குப் போகும். மல்லியில் அந்தக் கைக்கு ஒரு குறையும் இல்லை. அந்தக் கைதான் எங்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்தது.

மார்கழி தொடக்கத்தில், அரையாண்டுப் பரீட்சைக் கெடுபிடியில் ஒரு வாரம் ஊருக்குப் போகவில்லை. அடுத்த சனிக்கிழமை, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகக் காட்டுக்குப் போனேன். தூரத்திலேயே தெரிந்துவிட்டது. ஏழு பாத்திகள் இடுப்பில் பாதி உயரத்துக்குப் பச்சையாக நின்றன. ஐந்து பாத்திகளில் இலையே இல்லை. ஒவ்வொரு செடியிலும் நடுவில் இரண்டு குருத்தை மட்டும் விட்டு, மீதியைச் சுத்தமாக உருவியிருந்தார்கள். ஆடு மேய்ந்ததல்ல அது. ஆடு இப்படி வரிசையாக மேயாது. பழகின கை.

கோபம் என் கண்ணை மறைத்துவிட்டது. அண்ணன் ஊர் முனையில் டீக்கடையில் நண்பர்களோடு உட்கார்ந்திருந்தான். பையைக்கூட இறக்காமல் போய் அவன் முன்னால் நின்றேன்.

"எட்டு சென்ட்டுக்காக இம்புட்டுக் கேவலமா எறங்கிட்டியேண்ணே! நேரா வந்து மோத வேண்டியதுதான? ஆளில்லாத நேரம் பாத்து எலைய உருவுறியே, வெக்கமா இல்ல?"

அவன் கையில் டீ கிளாஸ் அப்படியே நின்றது. "எந்த எலைய? நான் ஒன் காட்டுப் பக்கமே போகலத்தா."

"ஒனக்குத்தான் கை பழகியிருக்கு. வேற எவன் உருவுவான்?"

"சத்தியமா நானில்ல."

"ஒன் சத்தியத்தத் தூக்கிக் குப்பையில போடு."

இன்னும் நிறையச் சொன்னேன். வயிற்றுவலியிலிருந்து ஆரம்பித்து, சின்ன வயதிலிருந்து எனக்குள் சேர்ந்திருந்த எல்லாவற்றையும் கொட்டினேன். அவன் என்னை அடித்துவிடுவான் என்று நினைத்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான், அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. குற்றம் செய்தவன்தான் குனிவான் என்று நினைத்தேன்.

அப்போது அப்பா வந்தார். யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். வேகமாக நடக்க முடியாமல், இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு வந்தார்.

"அவன ஏத்தா பேசுற? நாந்தேன் உருவுனேன்."

எனக்குக் காது கேட்டது, புரியவில்லை.

"ஒரு செடியப் புடுங்கிப் பாத்தேன் தாயி. தை வரப் போகுது, கெழங்கு சுண்டுவெரலத்தண்டிகூட இல்ல. மேல பாத்தா எலை அம்புட்டு உசரம் நிக்கிது. பூராச் சத்தையும் அதுவே தின்னுக்கிட்டு இருக்கு. உருவி விட்டா கீழ எறங்கும்னு நெனச்சேன்." கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினார். "அஞ்சு பாத்தியோட முதுகு புடிச்சிருச்சு. இல்லேன்னா மிச்சத்தையும் முடிச்சிருப்பேன்."

ஏழு பாத்தியைக் காப்பாற்றியது அவருடைய முதுகுவலி. சிரிக்க வேண்டிய விஷயம், ஆனால் அங்கே யாரும் சிரிக்கவில்லை.

"ஏன்ப்பா? நான் சொன்னேனா?"

"நீ தோத்துறக் கூடாதுல்ல" என்றார்.

என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவரைக் கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது, பிடித்து உலுக்கவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் காட்டுக்குத் திரும்பி நடந்தேன். அண்ணனிடம் அன்று மன்னிப்புக் கேட்கவில்லை. மறுநாள் காலை, அவன் பூ மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தபோது போய் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, "தப்பாப் பேசிட்டேண்ணே" என்றேன். "ம்" என்றான். "வயித்துவலி நெசமாவே இருந்துச்சுத்தா" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான். அதை நான் நம்பவில்லை, இருந்தாலும் தலையாட்டினேன்.

அடுத்த ஞாயிறு அப்பாவைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போனேன். இந்தத் தடவை ஒளிச்சேர்க்கை என்ற வார்த்தையை வாயில் எடுக்கவே இல்லை. இலையோடு நின்ற பாத்தியில் ஒன்று, உருவின பாத்தியில் ஒன்று, இரண்டு செடியைப் பிடுங்கினேன். உருவின செடியில் புதுசாக நான்கைந்து இலை தலை நீட்டியிருந்தது. வாய்க்கால் தண்ணீரில் கழுவி இரண்டையும் அவர் கையில் கொடுத்தேன்.

"கடிச்சுப் பாருங்க."

இலை இருந்ததை முதலில் கடித்தார். பொடிசாக இருந்தாலும் ஆரஞ்சு நிறம் ஏறியிருந்தது. "இனிக்குதே" என்றார். மற்றதைக் கடித்தார். மென்றார். மறுபடி மென்றார். "சப்புன்னு இருக்கு."

"அதுல இருந்த இனிப்ப எடுத்துத்தான் புது எலை விட்டுருக்கு. நீங்க எலைய உருவுன ஒடனே செடி பயந்துருச்சு. அடுப்பு இல்லையே, அடுத்த வேளைக்கு எங்க போறதுன்னு, கீழ சேத்து வச்சத எடுத்து மேல அனுப்பிருச்சு."

அப்பா உருவின பாத்தியையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்ப எலை திங்கல" என்றார் மெதுவாக. "எலைதேன் ஊட்டுது."

"ஆமா."

"மல்லிக்கு?"

"மல்லிக்கு நீங்க செய்யிறதுதான் சரி. அது வேற செடி. கட்டையில சேத்து வச்சிருக்கும், நமக்கு வேண்டியதும் நுனியில இருக்க பூ. இதுல நமக்கு வேண்டியதே அது சேத்து வைக்கிற எடம்தான்."

"யாருக்குச் சேக்குது? நமக்கா?"

இந்தக் கேள்வியை என் மாணவர்கள் ஒருவர்கூடக் கேட்டதில்லை. அது தனக்காகத்தான் சேர்க்கிறது என்றேன். கேரட் இரண்டு வருஷத்துப் பயிர். முதல் வருஷம் சேர்த்து வைத்துக்கொள்ளும். குளிரைத் தாண்டி நின்றால், அந்த இருப்பை எடுத்துத் தண்டு விட்டு, வெள்ளையாகப் பூத்து, விதை போட்டுவிட்டுச் சாகும். நாம்தான் நடுவில் புகுந்து பிடுங்கிக்கொள்கிறோம். அப்பா இரண்டு கேரட்டையும் மிச்சம் வைக்காமல் தின்றார், சப்பென்று இருந்ததையும் சேர்த்து.

அதன் பிறகு அவர் அந்த ஐந்து பாத்தியைப் பார்த்துக்கொண்ட விதம் எனக்குத் தாங்கவில்லை. ஒரு இலை மஞ்சளானாலும் போன் வரும். காடு முழுக்கச் சுற்றிவந்து, இலைமேல் நிழல் விழுகிறதென்று வேலியோரக் கிளுவை மரத்தில் ஒரு கொப்பை வெட்டிப் போட்டார். எழுபது வயது மனிதர், முதுகைப் பிடித்துக்கொண்டு. எனக்கு அவர் மேல் இரக்கம் வந்த அளவுக்குக் கோபமும் வந்துகொண்டே இருந்தது. இந்தக் கோபம் எதற்கு என்று எனக்கே விளங்கவில்லை. இலை விஷயம் முடிந்துவிட்டதே. அறையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்தும்போது, பஸ்ஸில் ஜன்னலோரம் நிற்கும்போது, அது உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது.

தை கடைசி ஞாயிறு பிடுங்கினோம். அண்ணன் முந்தின நாளே ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து மல்லிப் பதியன் வரவழைத்து, ஈரச் சாக்கில் சுற்றிக் கிணற்றடியில் வைத்திருந்தான். நான் தோற்றால் அன்றே நட்டுவிடலாம் என்று. வேடிக்கை பார்க்க டீக்கடைக் கூட்டமும் வந்திருந்தது.

முதல் கேரட்டை நானே பிடுங்கினேன். மண் உதிர்ந்து, ஒரு சாண் நீளத்துக்கு, நல்ல ஆரஞ்சு நிறத்தில் வந்தது. அடுத்தது கொஞ்சம் கோணல். அதற்கடுத்தது இரண்டு காலோடு வந்தது, நான் விட்டுவிட்ட ஏதோ ஒரு கல்லின் வேலை. ஆனால் ஏழு பாத்தியிலும் விளைந்திருந்தது. கொடைக்கானல் கேரட் அளவுக்குக் கனமில்லை. வாயில் போட்டால் இனித்தது. ஸ்வெட்டர் என்று கேலி செய்த அண்ணனின் நண்பன் மூன்றாவது கேரட்டைத் தின்றுகொண்டிருந்தான். அண்ணன் ஒன்றைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "வந்துருச்சேத்தா" என்றான். அதில் கேலி இல்லை.

அப்பா தனியாக அந்த ஐந்து பாத்தியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். பென்சில் தடிமனுக்கு மேல் ஒன்றுமில்லை. பிடுங்கினதை எல்லாம் இலையைப் போட்டு மூடி வைத்துவிட்டு, யாரும் அந்தப் பக்கம் பார்க்காதபடி முன்னால் வந்து நின்றார்.

"ஜெயிச்சுட்ட தாயி" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. "எட்டு சென்ட் ஒனக்குத்தேன். புதன்கெழம நல்ல நாளு. பத்திர ஆபீசுக்குப் போயிருவோம்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் சந்தோஷப்பட வேண்டிய இடம். ஆனால் ஒரு மாதமாக உள்ளே அரித்தது என்னவென்று அந்த நிமிஷம்தான் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"வேணாம்ப்பா" என்றேன்.

"என்னத்தா சொல்ற?"

"கேரட்டு வெளஞ்சதுக்காகக் குடுக்காதீங்க. ஒங்களுக்குப் பொறந்ததுக்காகக் குடுங்க."

அப்பாவின் சிரிப்பு நின்றது.

"அண்ணன எதையாவது நட்டு வெளைய வச்சுக் காட்டச் சொன்னீங்களா? நாப்பது சென்ட்டுன்னு கேட்டுச்சு, தலையாட்டுனீங்க. எனக்கு மட்டும் எட்டு சென்ட்டுக்குப் பரீட்ச. நான் தோத்துறக் கூடாதுன்னு முதுகு ஒடிய எலை உருவுனீங்களேப்பா. அம்புட்டு ஆச இருந்துச்சுன்னா, சும்மா குடுத்துருக்கலாம்ல?"

"அவனுக்குக் குடும்பம் இருக்கு..." என்று ஆரம்பித்தார்.

"எனக்கு நான் இருக்கேன். எட்டு சென்ட் வேணாம். பாதி வேணும். இருபது சென்ட். இது நீங்க ஒழச்சு வாங்குன சொத்து, யாருக்கு வேணாலும் எழுதலாம். பொரட்டாசியிலயே வக்கீல்ட்ட கேட்டுட்டேன். கோர்ட்டுக்குப் போனா எனக்கு நிக்காது. அதனால ஒங்கட்டதான் கேக்குறேன்."

"அப்ப என் மல்லி?" என்று அண்ணன் கத்தினான். "வச்சு வளத்த செடிய வெட்டிப் போடச் சொல்றியா?"

"வெட்டச் சொல்லல. என் பங்குல நிக்கிற மல்லிய நீயே எடுத்துக்க, நானே பூ எடுத்தும் தாரேன். செடி ஒன்னுது. மண்ணு என்னுது."

அவன் பதியன் சாக்கைக் காலால் எத்திவிட்டு, மண்ரோட்டில் இறங்கி நடந்தான். நண்பர்கள் பின்னாலேயே போனார்கள். கேரட் தின்றவன் மட்டும் இன்னொன்றை எடுத்துக்கொண்டு போனான். கிணற்றடியில் அப்பாவும் நானும்தான் மிச்சம். அவர் வரப்பில் உட்கார்ந்தார். இலையைப் போட்டு மூடியிருந்த குவியலைப் பிரித்து, அந்த ஒல்லிக் கேரட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மண்ணைத் துடைத்துக் கூடையில் போட்டார். நானும் எதிரில் உட்கார்ந்து துடைத்தேன். அவர் எழுந்து போய்விடுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டுவார், அழுவார், அம்மா பெயரை இழுப்பார் என்று ஒவ்வொன்றுக்கும் மனதுக்குள் பதில் அடுக்கி வைத்திருந்தேன்.

கூடை நிறைந்த பிறகு தலையைத் தூக்கி, காடு முழுவதையும் ஒரு முறை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரைக்கும் பார்த்தார்.

"பாதின்னா எந்தப் பக்கம் தாயி?" என்றார்.

அந்தக் கேள்விக்கு மட்டும் என்னிடம் பதில் தயாராக இல்லை. அழுதுகொண்டே யோசிக்க வேண்டியிருந்தது.